கோடைக்கு மட்டும் ஒரு வீடு: புணேயில் சாவி வாங்கும் முன்...

புது தில்லி: ஏப்ரல், மே மாதங்களில் புணே நகரில் வீடு தேடி அலைவோர் இரு வகையினர். ஆண்டுக் கணக்கில் குடியிருக்க வருபவர்கள் ஒரு வகை. இரண்டு மாதம், மிஞ்சினால் மூன்று மாதம் தங்கிவிட்டுப் பெட்டியைக் கட்டுபவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினருக்கு வீடு தர ஆள் உண்டு. இரண்டாம் வகையினர்தான் தரகர் அலுவலகங்களின் வாசலில் நிற்கிறார்கள்.

இந்த இரண்டாம் வகையினரில் தமிழகத்தில் இருந்து செல்வோரும் கணிசமாக உள்ளனர். ஹிஞ்ஜேவாடி, கராடி, மகர்பட்டா பகுதிகளில் உள்ள கணினி நிறுவனங்களில் கோடைக்காலப் பயிற்சி பெறும் பொறியியல், மேலாண்மை மாணவர்கள். தேசிய வேதியியல் ஆய்வகம், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம், ஐயூகா வானியல் மையம் ஆகியவற்றில் விடுமுறைக் கால ஆய்வுக்கு வருவோரில் விடுதி கிடைக்காதவர்கள். திரைப்படக் கல்லூரியின் குறுகிய காலப் பயிற்சிகளில் சேருவோர். மாடல் காலனியில் உள்ள பி.கே.எஸ். ஐயங்காரின் யோகப் பயிற்சி நிலையத்துக்கு மாதக் கணக்கில் வந்து தங்குவோர் எனப் பட்டியல் நீளும். ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறக்கும் முன் பணியிட மாறுதலில் வந்து, நிரந்தர வீடு அமையும் வரை ஒதுங்க இடம் தேடும் குடும்பங்களும் இதில் அடக்கம்.

இவர்கள் யாரும் கோவையில் இருந்தோ மதுரையில் இருந்தோ கட்டிலையும் அடுப்பையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. எனவே அவர்கள் கேட்பது "ஃபர்னிஷ்டு" வீடு. கட்டில், மெத்தை, பீரோ, எரிவாயு அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, வெந்நீர் சாதனம், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் உள்ளே இருக்கவேண்டும். துணிப்பெட்டியுடன் நுழைந்து, துணிப்பெட்டியுடன் வெளியேறவேண்டும்.

அப்படி ஒரு வீடு கிடைத்ததும், ஒரு கட்டுத் தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். தமிழகத்தில் வாடகை ஒப்பந்தம் எழுதிப் பழகியவர்கள் இதையும் அப்படியே எண்ணிக் கையெழுத்திட்டு விடுகிறார்கள். அங்கேதான் வேறுபாடு இருக்கிறது. அந்தத் தாளின்படி அவர் வாடகைதாரர் அல்லர்.

வாடகைதாரர் இல்லை, உரிமதாரர்: மகாராஷ்டிரத்தில் நடைமுறையில் உள்ள இந்த ஒப்பந்தத்துக்கு "லீவ் அண்ட் லைசென்ஸ்" என்று பெயர். வீட்டுக்காரர் உரிமம் அளிப்பவர். குடியிருக்க வருபவர் உரிமதாரர். மாதந்தோறும் தருவது வாடகை அன்று, உரிமக் கட்டணம். இது வெறும் சொல் மாற்றம் அல்ல. 1882-ம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, உரிமம் என்பது பிறர் சொத்தில் ஒன்றைச் செய்துகொள்ள அளிக்கப்படும் அனுமதி மட்டுமே. அந்தச் சொத்தில் எவ்வித உரிமையும் அதனால் பிறப்பதில்லை. அதாவது, வீட்டுக்குள் இருக்கலாம்; ஆனால் வீட்டின் மீது பிடிமானம் கிடையாது.

இப்படியொரு ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள, புணேயின் பழைய பேட்டைகளுக்குள் போகவேண்டும். சனிவார் பேட்டை, சதாசிவ பேட்டை, நாராயண பேட்டை, கஸ்பா பேட்டை ஆகியவற்றில் "வாடா" எனப்படும் பழங்கால நகர வீடுகள் உண்டு. நடுவில் முற்றம், சுற்றிலும் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், மேலே மாடி, தெருவைப் பார்த்துப் பெரிய வாயில் என நம் ஊர் முற்றம் வைத்த வீடுகளை நினைவூட்டுபவை. பேஷ்வாக்கள் காலத்தில் செழித்த இந்த வாடாக்கள் பிற்காலத்தில் அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விடப்பட்டன. ஒரே வாடாவில் பத்துக் குடும்பங்கள் இருந்ததும் உண்டு.

1947-ல் வந்த பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1940-ம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி நிலவிய வாடகையையே பழைய வீடுகளுக்கு நியாய வாடகையாக நிலைநிறுத்தியது. போர்க்காலத்துக்குப் பிந்தைய வீட்டுத் தட்டுப்பாட்டில் ஏழைக் குடித்தனக்காரரைக் காக்க வந்த சட்டம் அது. அதன் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விலைவாசி பல மடங்கு ஏறிய பின்னும் வாடகை அசையவில்லை. கூரை ஒழுகினால் சரிசெய்யும் செலவுக்கு ஓராண்டு வாடகைகூடப் போதாத நிலை. வாடாக்கள் சிதைந்தன. 1961 ஜூலை 12-ல் பான்ஷெட் அணை உடைந்து வெள்ளம் நகருக்குள் புகுந்தபோது, ஆற்றோரப் பேட்டைகளில் ஏராளமான வாடாக்கள் இடிந்து விழுந்தன. தப்பியவற்றில் பல பின்னாளில் அடுக்குமாடிகளாயின.

வாடகைதாரர் என்று ஆகிவிட்டால் வெளியேற்ற முடியாது என்பதால், வீட்டுக்காரர்கள் "உரிமம்" என்ற பெயரில் வீட்டைத் தரத் தொடங்கினர். 1973-ல் அதற்கும் அடி விழுந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி முதல் தேதியன்று நடப்பில் இருந்த உரிமத்துடன் வீட்டில் குடியிருந்தவர்கள் அனைவரும் வாடகைதாரர்களாகவே கருதப்படுவர் என்று மாநில அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஒரே நாளில் விருந்தாளி வீட்டுக்குப் பாத்தியப்பட்டவர் ஆனார். அதற்குப் பின் வீட்டைப் பூட்டிப் போடுவதே மேல் என்ற எண்ணம் மகாராஷ்டிர வீட்டுக்காரர்களிடம் வேர்விட்டதில் வியப்பில்லை.

தில்லியில் இருந்து வந்த தீர்ப்பு: இந்தச் சிக்கலை அவிழ்த்ததில் உச்ச நீதிமன்றத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மால்பே விஸ்வநாத் ஆச்சார்யா வழக்கில் 1997 டிசம்பரில் அளித்த தீர்ப்பில், பல்லாண்டுகளுக்கு முந்தைய வாடகையையே நிலைநிறுத்தும் பிரிவுகள் காலப்போக்கில் நியாயமற்றவையாகி விட்டன என்று நீதிமன்றம் கூறியது. பழைய சட்டத்தின் ஆயுள் முடியவிருந்த நேரம் என்பதால் அதை உடனே ரத்து செய்யாமல், புதிய சட்டம் இயற்ற மாநில அரசுக்கு வாய்ப்பு அளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்ததே மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999. இது 2000-ம் ஆண்டு மார்ச் 31 முதல் நடைமுறையில் உள்ளது.

கோடை விருந்தாளிகள் அறியவேண்டிய இரு பிரிவுகள் இச்சட்டத்தில் உள்ளன. ஒன்று, 24-வது பிரிவு. உரிமக் காலம் முடிந்ததும் வீட்டை ஒப்படைக்கவேண்டும். தவறினால், வழக்கமான சிவில் வழக்கு இல்லாமல், இதற்கென நியமிக்கப்பட்ட தகுதியுள்ள அதிகாரியிடம் வீட்டுக்காரர் மனு செய்து வீட்டை மீட்கலாம். காலம் கடந்து தங்கிய நாள்களுக்கு உரிமக் கட்டணத்தைப் போல் இரு மடங்கு ஈடு தரவேண்டும். எழுத்து மூலமான ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே முடிவான சாட்சியம். "வாய்மொழியாக ஜூலை வரை இருக்கச் சொன்னார்" என்ற வாதம் எடுபடாது.

மற்றொன்று, 55-வது பிரிவு. உரிம ஒப்பந்தம் எதுவாயினும் எழுத்து மூலம் இருக்கவேண்டும். பதிவு செய்யப்படவும் வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. தவறினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பதிவு இல்லாத நிலையில், நிபந்தனைகள் குறித்துக் குடியிருப்பவர் கூறுவதே, மாறாக நிரூபிக்கப்படும் வரை, ஏற்கப்படும்.

பிற மாநிலங்களில் 11 மாத ஒப்பந்தம் எழுதுவதன் ரகசியம், ஓராண்டுக்கு உட்பட்ட குத்தகையை 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை என்பதே. மகாராஷ்டிரத்தில் அந்தச் சலுகை கிடையாது. 11 மாதமானாலும் இரண்டு மாதமானாலும் பதிவு உண்டு. "இரண்டே மாதம்தானே, பதிவு எதற்கு?" என்று தரகர் சிரித்துக்கொண்டே கேட்டால், சட்டத்தில் அப்படியொரு விலக்கு இல்லை என்பதை நினைவில் கொள்வது நல்லது.

செலவும் பெரிதன்று. முத்திரைத் தீர்வை, மொத்த உரிமக் கட்டணத்துடன் டெபாசிட் தொகைக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டியைக் கூட்டி, அதில் 0.25 சதவீதம். உதாரணமாக, மாதம் 25,000 ரூபாய் வீதம் 11 மாதத்துக்கு, ஒரு லட்சம் ரூபாய் டெபாசிட்டுடன் ஒரு வீடு எடுத்தால் தீர்வை சுமார் 710 ரூபாய்தான் வரும். இரண்டு மாதத்துக்கு இன்னும் குறையும். நகர்ப்பகுதியில் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகாமல், ஆதார் எண்ணும் கைரேகையும் கொண்டு இணையவழியிலேயே பதிவை முடிக்கவும் வசதி உள்ளது. மாநிலப் பதிவுத் துறையின் தலைமை அலுவலகமே புணேயில்தான் இயங்குகிறது. அந்த நகரத்தில் பதிவுக்கு வசதியில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டு மாதத்துக்கு யார் தருவார்?: சட்டம் வீட்டுக்காரரின் அச்சத்தைப் போக்கிவிட்டது உண்மை. ஆனால் குறுகிய காலத்துக்கு வருபவரின் சுமை குறையவில்லை. தரகருக்கு ஒரு மாத வாடகை தரவேண்டும் என்பது அங்கு நிலவும் வழக்கம். 11 மாதம் தங்குபவருக்கு அது தாங்கக்கூடிய தொகை. இரண்டு மாதம் தங்குபவரும் அதே தொகையைத் தந்தால், மாதம் 25,000 ரூபாய் வீடு உண்மையில் 37,500 ரூபாய் வீடாகிறது. இதைப் பேரம் பேசாமல் ஒப்புக்கொள்வதில் அர்த்தமில்லை. தங்கும் காலத்துக்கு ஏற்பத் தரகைக் குறைக்கக் கேட்பதில் வெட்கப்பட ஏதுமில்லை.

வீட்டுக்காரருக்கும் கணக்கு உண்டு. ஜூன் மாதத்தில் கல்லூரிச் சேர்க்கை தொடங்கினால் 11 மாதத்துக்கு ஆள் வரும். இடையில் இரண்டு மாதத்துக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் வெள்ளையடித்து, மீண்டும் ஆள் தேடுவானேன் என்று நினைக்கிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நகரங்களில் காலியாகப் பூட்டிக் கிடந்த வீடுகள் சுமார் 1 கோடியே 10 லட்சம். அவற்றில் மிக அதிகமானவை மகாராஷ்டிரத்தில் இருந்ததாக 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை சுட்டிக்காட்டியது. வாடகைக்கு வீடு தேடுவோர் ஒருபுறம், பூட்டிய வீடுகள் மறுபுறம் என்ற இந்த முரண்பாடுதான், மாதிரி வாடகைச் சட்டம் கொண்டுவர மத்திய அரசு கூறிய காரணங்களில் முதன்மையானது.

ஒரு காலத்தில் புணே பருவத்துக்கு வந்து போவோரின் ஊராகவே இருந்தது என்பதும் நினைக்கத்தக்கது. ஆங்கிலேயர் ஆட்சியில் பம்பாய் மாகாண ஆளுநர் கோடையில் மகாபலேஷ்வரத்துக்கும், மழைக்காலத்தில் புணேக்கும் இடம்பெயர்வார். கணேஷ்கிண்டில் அவர் தங்கிய மாளிகைதான் இன்று சாவித்ரிபாய் புலே புணே பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கட்டடம். ஆளுநருக்கு மாளிகை இருந்தது. பின்னாலேயே வந்த பம்பாய்ச் செல்வந்தர்களுக்கு பங்களாக்கள் இருந்தன. இன்றைய பயிற்சி மாணவருக்கு அவை இல்லை.

வீடு அமையாதவர்கள் சர்வீஸ் அபார்ட்மெண்ட் எனப்படும் குடியிருப்பு விடுதிகளை நாடுகின்றனர். அங்கு தரகும் இல்லை, பெரிய டெபாசிட்டும் இல்லை. ஆனால் வரி உண்டு. தனி நபர் தன் குடியிருப்புக்காக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தால் சரக்கு, சேவை வரி கிடையாது. விடுதி போன்ற வணிகத் தங்குமிடத்துக்கு, நாள் வாடகை 7,500 ரூபாய் வரையெனில், 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். தில்லியில் 2024 ஜூன் 22-ல் கூடிய சரக்கு, சேவை வரிக் கவுன்சில் இதில் ஒரு விலக்கைப் பரிந்துரைத்தது. நபருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், தொடர்ந்து 90 நாள்களாவது தங்கினால் வரி இல்லை. மாணவர்களையும் வேலைக்குச் செல்வோரையும் மனத்தில் வைத்து எடுத்த முடிவுதான். ஆனால் எட்டு வாரப் பயிற்சிக்கு வரும் மாணவர் 90 நாளை எட்டுவதில்லை. வரியைக் கட்டிவிட்டுத்தான் ஊர் திரும்புகிறார்.

சங்கமும் காவல் நிலையமும்: புணேயின் அடுக்குமாடிகள் பெரும்பாலும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களாக இயங்குகின்றன. வீட்டுக்காரர் சம்மதித்தாலும் "சொசைட்டி" சம்மதிக்குமா என்ற கேள்வி எழும். திருமணமாகாத இளைஞர்கள் என்றால் முகம் சுளிக்கும் சங்கங்கள் பல. வீட்டை வாடகைக்கு விடும் உறுப்பினர் சங்கத்துக்கு ஒப்பந்த நகலுடன் தகவல் தரவேண்டும் என்பதுதான் மாதிரித் துணைவிதிகளின் போக்கு. சங்கம் நினைத்தால் யாரையும் தடுக்கலாம் என்பதல்ல. வாடகைக்கு விட்ட வீட்டுக்குச் சங்கம் வசூலிக்கும் கூடுதல் கட்டணமும், சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2001 ஆகஸ்ட் முதல் தேதி மாநில அரசு உத்தரவிட்டுள்ளது. அதைக் கட்டவேண்டியவர் வீட்டுக்காரர். விருந்தாளியின் தலையில் அதைக் கட்ட முனைந்தால், ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

காவல் துறைக்குத் தகவல் தருவதில் மட்டும் சுணக்கம் கூடாது. கோரேகாவ் பூங்காப் பகுதியில் 2010 பிப்ரவரி 13-ல் ஜெர்மன் பேக்கரியில் நடந்த குண்டுவெடிப்பில் 17 பேர் உயிரிழந்ததை அந்நகரம் மறக்கவில்லை. குடியிருக்க வருவோரின் விவரங்களை வீட்டுக்காரர் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்கவேண்டும், இணையவழியிலும் செய்யலாம். புகைப்படம், ஆதார் நகல், சொந்த ஊர் முகவரி, பயிற்சி நிறுவனத்தின் கடிதம் ஆகியவற்றைக் கையோடு கொண்டுசென்றால் வேலை எளிதில் முடியும்.

மோசடியும் உண்டு. படங்களை மட்டும் காட்டி, "ராணுவத்தில் இருக்கிறேன், வெளியூர் மாற்றலாகி விட்டது, முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று தொலைபேசியில் பேசும் ஆசாமிகள் பல நகரங்களில் கைவரிசை காட்டியுள்ளனர். தென் பிராந்திய ராணுவத் தலைமையகம் உள்ள புணேயில் இந்தக் கதை எளிதில் நம்பும்படி இருக்கும். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் ராஸ்தா பேட்டையிலோ கட்கியிலோ தெரிந்தவர் யாரேனும் இருந்தால், ஒரு முறை நேரில் போய்ப் பார்க்கச் சொல்வதே பாதுகாப்பு.

வீட்டைப் பார்க்கப் போகிறவர் கட்டிலின் அழகைவிடக் குழாயைத்தான் முதலில் திறந்து பார்க்கவேண்டும். கடக்வாஸ்லா, பான்ஷெட், வரஸ்காவ், டேம்கர் ஆகிய நான்கு அணைகள் நகரின் முக்கியக் குடிநீர் ஆதாரம். மே மாதத்தில் அணைகளில் நீர் இறங்க இறங்க, புறநகர்ச் சங்கங்கள் லாரித் தண்ணீரை நம்பத் தொடங்குகின்றன. அந்தச் செலவு மாதாந்திரப் பராமரிப்பில் சேர்ந்ததா, தனியா என்பதை முன்பே கேட்டு எழுதிக்கொள்ளாவிட்டால், கடைசி மாதத்தில் கணக்குச் சீட்டு வரும். புணே கடல்மட்டத்தில் இருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவு குளிரும் என்று சொல்லி, குளிர்சாதனம் இல்லாத மேல்மாடியைத் தலையில் கட்டுவோரும் உண்டு. இரவு குளிரலாம். ஏப்ரல் பகலில் 40 டிகிரி வெயில் அந்த மொட்டைமாடிக்குக் கீழேதான் இறங்கும்.

டெபாசிட் திரும்புமா?: ஃபர்னிஷ்டு வீட்டில் பிரச்னை பெரும்பாலும் கடைசி நாளில்தான் வெடிக்கிறது. சோபாவில் கறை, வெந்நீர் சாதனம் பழுது, இரண்டு நாற்காலி குறைவு என்று கூறி டெபாசிட்டில் கைவைப்பர். எனவே, சாமான் பட்டியலை ஒப்பந்தத்துடன் இணைக்கவேண்டும். "குளிர்சாதனப் பெட்டி ஒன்று" என்று எழுதினால் போதாது. அதன் நிறுவனப் பெயர், ஏற்கெனவே உள்ள கீறல், கதவு சரியாக மூடுகிறதா என்பது வரை குறிக்கவேண்டும். நுழையும் நாளில் ஒவ்வொரு அறையையும் தேதியுடன் படமெடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வைப்பது நன்று. மின் அளவியின் எண்ணையும் சேர்த்துப் படமெடுக்கலாம். பணம் அனைத்தும் வங்கி வழியே போகவேண்டும். தரகரின் கையில் ரொக்கமாகத் தந்தது தந்ததுதான்.

இதில் சட்டத்தின் தராசு சமமாக இல்லை என்பதைச் சொல்லியாகவேண்டும். விருந்தாளி ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் இரு மடங்குக் கட்டணம், விரைவு விசாரணை, தனி அதிகாரி என வீட்டுக்காரருக்கு 1999 சட்டம் வழி வகுத்துள்ளது. டெபாசிட்டைத் திருப்பித் தராத வீட்டுக்காரரிடம் இருந்து அதை வாங்க அதே வேகத்தில் ஒரு வழி விருந்தாளிக்கு இல்லை. வழக்கறிஞர் அறிவிப்பு, சிவில் வழக்கு என்று போகவேண்டும். ஜூன் மாதம் சென்னைக்குத் திரும்பிய மாணவர், 50,000 ரூபாய்க்காகப் புணே நீதிமன்றத்துக்கு எத்தனை முறை ரயில் ஏறுவார்? டெபாசிட் எவ்வளவு கேட்கலாம் என்பதற்கும் அச்சட்டத்தில் உச்சவரம்பு இல்லை.

மத்திய அமைச்சரவை 2021 ஜூன் 2-ல் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கான டெபாசிட் இரண்டு மாத வாடகைக்கு மிகக்கூடாது என்கிறது. காலி வீட்டைத் திரும்பப் பெறும்போதே, கழிவுகள் போக மீதியைத் தந்துவிடவேண்டும் என்றும் சொல்கிறது. சச்சரவுகளைத் தீர்க்க வாடகை ஆணையம், நீதிமன்றம், தீர்ப்பாயம் என மூன்று அடுக்கும் அதில் உண்டு. ஆனால் அது மாநிலங்களுக்கான முன்மாதிரி மட்டுமே. ஏற்பதும் மறுப்பதும் மாநிலங்களின் விருப்பம். தமிழகத்தில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், டெபாசிட்டை மூன்று மாத வாடகைக்குள் நிறுத்துகிறது. பத்து மாத "அட்வான்ஸ்" கேட்டுப் பழகிய சென்னைக்கு அது பெரிய மாற்றமே.

புணேயில் வீடு எடுப்பவர் இந்தப் பாதுகாப்பைத் தாமே எழுதிக்கொள்ளவேண்டியிருக்கிறது. வீட்டை ஒப்படைக்கும் நாளும், டெபாசிட் திரும்பவேண்டிய நாளும் ஒன்றாக இருக்கவேண்டும். எந்தெந்தப் பழுதுக்கு எவ்வளவு கழிக்கலாம் என்பது முன்பே குறிக்கப்படவேண்டும். தாமதித்தால் வீட்டுக்காரரும் நாள் கணக்கில் ஈடு தரவேண்டும். இந்த மூன்று வரிகளை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சட்டத்தில் தடை ஏதுமில்லை. பதிவான தாளில் அவை இருந்தால் மறுப்பது கடினம். வீட்டுக்காரர் முகம் சுளித்தால், அடுத்த வீட்டைப் பார்க்கலாம். ஏப்ரல் முதல் வாரத்திலேயே தேடத் தொடங்கியவருக்கு அந்த அவகாசம் இருக்கும்.